நீர்மட்டம்

எங்கள் ஊர்ப்புற நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருகிறவர்கள்
பேப்பர் படிப்பதில்லை.
மூன்றாம் பக்கம், கீழே, தீப்பெட்டி அளவு கட்டம்:
மேட்டூர் நீர்மட்டம்.
பார்ப்பார்கள், மடிப்பார்கள்,
கழுத்தைத் துடைத்தபடி எழுந்துபோவார்கள்.
பங்குனியில் நின்ற மின்விசிறி
அண்ணாந்து பார்த்தாலும் சுற்றவில்லை.

இலாகாவுக்கு எழுதினோம்.
வந்த பதில் நல்ல தாளில் இருந்தது.

வாசகர் வட்டம் கூடியது. ஆறு பேர்.
ஜெராக்ஸ் கடைக்காரன் என்பதால்
என்னைப் பொருளாளர் ஆக்கினார்கள்,
ரசீதுப் புத்தகச் செலவு மிச்சமாம்.
நூலகர் தையல்நாயகி கணக்குப் போட்டார்:
இரண்டு விசிறி, ஒயர், கூலி,
ஆறாயிரத்து இருநூறு.

அதற்குள் மே பிறந்து பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.
முதல் நாள் பதினொன்று, மூன்றாம் நாள் இருபத்தாறு.
செஸ்ஸில் ஒரு குதிரை இல்லை,
பென்சில் சீவி குதிரையாக ஓடியது.
பாதியில் நிறுத்திய கதைக்கு
இருபத்தாறு முடிவு, அதில் பத்தொன்பதில் பேய்.
வரைந்த ஆற்றின் மேல் வேர்வை சொட்டி
ஆறு கரையை மீறியது.
வெளியே வெண்ணாற்றில்
கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது.

வாசல் கரும்பலகையில் தினமும் நீர்மட்டம் எழுதுவது
ஆறாம் வகுப்பு அஃப்ரின்.
ஒருநாள் பக்கத்திலேயே எழுதினாள்:

மேட்டூர் – 58 அடி.
விசிறி – 740 ரூபாய்.
நீர்வரத்து 200. வெளியேற்றம் இல்லை.

பைக்குகள் நின்றன.

மாரியம்மன் தேரன்று நன்னாரி சர்பத் விற்றோம்.
நீர்வரத்து 910. வெளியேற்றம்
ஐஸ், எலுமிச்சை, சர்க்கரை, உடைந்த ஜாடி.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்
சாக்கை உதறிவிட்டு
ஆளுக்கு இருபது தந்தார்கள்.
உரக்கடைக்காரர் போனை எடுத்து
'போகுதான்னு ஒரு ரூவா போட்டுப் பார்க்கிறேன்' என்றார்.
போயிற்று. அவ்வளவுதான் போயிற்று.
ரசீது எழுதினேன்: ரூபாய் ஒன்று மட்டும்.
மூன்று வேலி கோதண்டராமன்
'படிக்கிற எடத்துக்கு எதுக்குங்க காத்து?
மேட்டூர் தொறக்கட்டும், பார்ப்போம்.'
கல்யாணம், கடன், பல் கட்டுவது,
எல்லாவற்றுக்கும் இங்கே அதுதான் பதில்.

4,115ல் ஒன்பது நாள் அசையவில்லை.
பத்தாம் நாள் பலகையில் புதிதாக ஒரு வரி:
கசிவு – 12 (பொருளாளர் டீ).
திருப்பிக் கட்டினேன்.
ஊர் முழுக்கப் படித்த பிறகுதான் அழித்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருக்கையில்
பழைய நோட்டுகள் வரத் தொடங்கின.
சைக்கிளில், தலையில், ஒரு பையன் தள்ளுவண்டியில்.
தப்பான கணக்கும் சரியான கணக்கும்
ஒரே எடை. பீர்முகமது தராசில்
நூற்று முப்பத்தோரு கிலோ, கிலோ பதினாலு.
எழுதாத பக்கங்களை மட்டும் கிழித்து
வரைவதற்கென்று திருப்பிக் கொடுத்தார்.
எலக்ட்ரீசியன் நவநீதன்
கூலி இருநூற்றைம்பது வேண்டாமென்றான்.
கூட்டிப் பார்த்தால்
ஒரு ரூபாய் குறைந்தது.
நான் போட்டேன்.
இதற்கு ரசீது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சுவிட்சைப் போட்டோம்.
கை தட்ட எடுத்த கைகள்
பறக்கிற தாள்களைப் பிடிக்க ஓடின.
ஆறு, தேர், பேய், மயில் எல்லாம் கூரைக்கு.
'நிப்பாட்டுங்க மிஸ்!'
ஆறாயிரம் ரூபாய்க் காற்றை
அரை நிமிஷத்தில் நிறுத்தினார் தையல்நாயகி.
அடித்தட்டிலிருந்து தடித்த புத்தகங்கள் வந்தன,
பதினோரு வருடம் தேதி முத்திரை படாதவை,
படத்துக்கு ஒன்றாக மேலே உட்கார.
மறுபடி போட்டோம்.
அஃப்ரின் தன் மயில்மேல் வைத்தது
மண் வகைகள் பற்றிய தொகுதி.
மயிலை முடிக்கவில்லை.
நாற்பதாம் பக்கத்தில் இருந்தாள்.

சாயங்காலம் பலகையில்:
மேட்டூர் – 61 அடி. இன்னும் திறக்கவில்லை.
விசிறி – திறந்தாச்சு. இருப்பு இல்லை.

கோதண்டராமன் வந்தார்.
விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டார்.
மூன்றாம் பக்கம் நிற்க மாட்டேன் என்றது.
இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு
நீர்மட்டம் பார்த்தார்.
பிறகு, பேப்பரை விட மனமில்லாமல்,
நான்காம் பக்கமும்.